இருபத்திரண்டு கிலோ வெல்லம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என் சட்டையைப் பிடிக்க முடியாது. மதுராந்தகத்திலிருந்து பஸ் பிடித்து, இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தால் விளாந்தாங்கல் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மீன்குட்டையின் கரையில் என் மகள் மறந்துவிட்டு வந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனேன். பாட்டிலோடு கதையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாட்டிலை மகளிடம் கொடுத்தாயிற்று. கதையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு வாரமாக முழித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் கோதண்டராமன். ஊரப்பாக்கத்தில் வீடு. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார், ஒழிந்த நேரத்தில் கதை எழுதுகிறவன்.

கதையில் வருகிறவள் அம்சா. முப்பத்தெட்டு வயது, இருபது சென்ட் குட்டையில் கெண்டை வளர்க்கிறாள். அவளுக்கு ஒரு கொழுந்தன், கலையரசன். குட்டைக்கு மேற்கே அவனுடைய கத்தரித் தோட்டம். ஒரு விடியற்காலை அம்சாவின் மீன்களில் பாதிக்குமேல் செத்து மிதந்தன. கலையரசன்தான் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டான் என்று அவள் நம்புகிறாள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் அவன் கற்பூரம் கொளுத்தி, அதை அடித்துச் சத்தியம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் அவன்தான் குற்றவாளி. செய்தாலோ உறவு அன்றோடு சரி, தன்னைக் கற்பூரத்தின் முன்னால் நிறுத்தியவள் முகத்தில் எந்த மானஸ்தன் விழிப்பான்? கதை அதற்குள் முடிந்தாக வேண்டும்.

(தட்டச்சு செய்யும்போது சேர்த்த குறிப்பு: நடுநடுவே சதுர அடைப்புக்குள் வரும் வரிகள் என்னுடையவை அல்ல. கைப்பிரதியின் ஓரத்தில் இன்னொருவர் எழுதியவை. யார் என்பது கடைசியில் தெரியும். எடுத்துவிடலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை.)

[மூணு கிலோமீட்டர் இல்ல, ரெண்டு. சாருக்கு நடந்து பழக்கம் இல்ல.]

2

எப்படித் தொடங்குவது?

"விடியலின் பொன்னொளியில் குட்டை ஒரு கனவைப்போல் உறங்கிக்கொண்டிருந்தது. புல்நுனிகளில் பனித்துளிகள்…" சீ. சித்திரை மாசத்தில் பனித்துளி எங்கேயிருந்து வரும்? அடித்துவிட்டேன்.

"நன்னீர் மீன்வளர்ப்பில் நீரின் தரம் இன்றியமையாதது. ஏனெனில்…" இது கதையல்ல, ஐந்து மதிப்பெண் வினா. இதையும் அடித்தாயிற்று.

மூன்றாவது கொஞ்சம் மூச்சு விடுகிறது:

அம்சா எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் குட்டைக்குப் போவாள். கரையில் குந்தி, வலது கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பாள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் தண்ணீர் நல்லபடியாக இருக்கிறது. பளிச்சென்று தெரிந்தால் பாசி குறைவு, மீன் பட்டினி கிடக்கும். தெரியவே இல்லையென்றால் பாசி மிஞ்சிவிட்டது, ஜாக்கிரதை. கருவி எதுவும் கிடையாது, கை ஒன்றுதான். பிறகு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு 'மங்கல்' என்றோ 'பளிச்' என்றோ எழுதிவைப்பாள்.

கோழிக்கழிவைக் கொட்டினால் மீன் சீக்கிரம் பெருக்கும் என்று அக்கம்பக்கத்தில் எவ்வளவோ சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை. மாட்டுச் சாணத்தைக்கூட வாளிக் கணக்கில் அளந்துதான் கரைத்தாள். அவள் குட்டையில் தவளை கத்தும், தட்டான் முட்டையிடும், மத்தியான வெயிலில் தண்ணீர்ப் பாம்பு ஒன்று தன் பாட்டுக்கு அக்கரைக்குப் போகும். "இந்தத் தண்ணிய நான் குடிப்பேன்" என்று சந்தையில் சவால் விட்டவள் அவள்.

[குடிச்சும் காட்னேன்.]

அந்தச் சனிக்கிழமை அவள் கையை விட்டுப் பார்க்கவில்லை. கரைக்கு வருவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிட்டது. குட்டை முழுக்க வாய்கள். தண்ணீருக்கு மேலே திறந்து மூடி, திறந்து மூடி, மீன்கள் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோனால் மீன் அப்படித்தான் செய்யும். கிழக்கே வானம் சாம்பலாக வெளுத்துக்கொண்டிருந்தது, ஓர் இலை அசையவில்லை. அந்த அமைதியில் ஆயிரம் வாய்கள் ஒரே சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி இருந்ததாம்.

அம்சா சேலையோடு குதித்தாள். கொஞ்சம் காற்றாவது தண்ணீருக்குள் போகட்டும் என்று இரண்டு கையாலும் அடித்தாள், வாரி இறைத்தாள், "கலை! கலை! மோட்டார் போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கலையரசன் தூக்கக் கலக்கத்தில் ஓடிவந்து மோட்டாரைப் போட்டான். குழாய்த் தண்ணீர் கொட்டிய மூலைக்குப் போய்ச் சேர்ந்த மீன்கள் பிழைத்தன. மற்றவை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன.

[பெருசுதான் மொதல்ல போச்சி. கட்லா. மடில வெச்சிகினு இருந்தேன் ஒண்ண. அத நீ எழுதல.]

3

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கரையில் மீன்கள் குவியலாகக் கிடந்தன, மேலே பருந்துகள். அம்சா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையால் அரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் வோணும்?"

"ஒரு பாட்டில்… நேத்து கோயிலுக்கு வந்தப்போ குழந்தை மறந்துட்டா."

"நீலக் கலரா? அந்த வேப்பமரத்தாண்ட கீது, எத்துக்கோ."

எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பியிருக்கலாம். கால் நகரவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"மருந்து சார். மருந்த கலந்துட்டான்." முகவாயால் கத்தரித் தோட்டத்தைக் காட்டினாள். "என் கொய்ந்தன். நேத்து சாயங்காலம் மருந்தடிக்கிற டேங்க தோள்ல மாட்டிகினு போனான், என் கண்ணால பாத்தேன். குட்டைக்கு வர்ற கால்வாய்ல கய்விகீறான். அவங்க அண்ணன் லாரி எத்துகினு நாக்பூர் போய்கீறாரு, கேக்க ஆளு இல்லன்னு தைரியம்."

"அவர் உதவிக்கு வரலையா?"

"வந்தான். நான் கத்தனதும் ஓடியாந்து மோட்டார் போட்டான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்ல?" வலையை உதறினாள். "இன்னிமே அவன் மோட்டார் தண்ணி எனக்கு ஒரு சொட்டு வாணாம்."

குற்றமுள்ள நெஞ்சு. பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். அவள் அதைக் கவனிக்கவில்லை, அவளுக்கு வேலை கிடந்தது.

4

கலையரசனை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன், அண்ணி குட்டைமேல் பொறாமை வைத்தேன். எதுவும் அவன்மேல் நிற்கவில்லை. எழுதுகிறவனுக்கு இது தெரிந்துவிடும். பாத்திரத்துக்குப் பொருந்தாத குணத்தைக் கொடுத்தால், கடன் வாங்கிய சட்டை மாதிரி அது தோளில் தொங்கும்.

போன சனிக்கிழமை மறுபடி போனேன். "கதை எழுதறேன்" என்று சொன்னேன், பொய்யில்லை. குட்டையில் ஒரு சாண் தண்ணீர் இறங்கியிருந்தது. பிழைத்த மீன்களின் முதுகு வெயிலில் தெரிந்தது. கலையரசனின் குழாய் கரைவரை வந்து, வாய் வறண்டு கிடந்தது. அவன் வரப்பில் நின்றான், அம்சா கரையில். நடுவில் நான், நோட்டும் கையுமாக.

"அண்ணி, தண்ணி எறங்கினே போவுது. மிச்சத்தையாவது காப்பாத்திக்கோ. பைப்ப வுடறேன்."

"என்னாண்ட பேசாத. எதா இருந்தாலும் அடுத்த வாரம் ஞாயித்துக்கெயம கற்பூரத்தாண்ட பேசு."

"நான் டேங்க வூட்லதான் கய்வனேன்னு சொல்றேன். நம்ப மாட்டியா?"

"சத்தியம் பண்ணு, நம்பறேன்."

கலையரசன் வரப்பைவிட்டு இறங்கினான். "இந்தக் குட்டைய வெட்டசொல்ல உன்கூட எத்தினி நாளு மண்ணு சொமந்தேன் அண்ணி. எனக்கே கற்பூரமா?" என்றான். பிறகு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

வில்லன் என்று ஒரு பாத்திரம் இந்தக் கதைக்குத் தேவைதான். ஆனால் அது இவன் இல்லை.

[கொட்டாய்க்கு அந்தாண்ட போயி தேம்பி அய்தான். சாரு பாக்கல. நான் பாத்தேன். பாத்துட்டும் கல்லு மாதிரி நின்னேன்.]

5

இனி வேதியியல் வாத்தியார் பேசட்டும், கதாசிரியன் சற்று ஒதுங்கட்டும்.

பூச்சிமருந்து கலந்திருந்தால் தவளைக் குஞ்சும் தட்டான் புழுவும் மீனுக்கு முன்னால் போயிருக்கும். அவை உயிரோடு இருக்கின்றன, நான் பார்த்தேன். மீன்கள் விஷத்தில் துடிக்கவில்லை, காற்றுக்காகத்தான் வாயைப் பிளந்தன. அப்படியென்றால் தண்ணீரில் பிராணவாயு ஏன் தீர்ந்தது? மூன்று நாள் மழையில்லாத மூட்டம். வெயில் இல்லாவிட்டால் பாசி பிராணவாயு செய்யாது, இருட்டினால் அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு வாங்கும். ஆனால் அது மட்டும் போதாது. கார்த்திகையில் ஒரு வார மூட்டத்தையே இந்தக் குட்டை தாங்கியிருக்கிறது, அம்சாவின் நோட்டில் இருக்கிறது. ஆக, வெள்ளிக்கிழமை மாலை வேறு ஏதோ தண்ணீருக்குள் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் விருந்துபோல் தின்று, விடிவதற்குள் குட்டையின் மூச்சு முழுவதையும் இழுத்துத் தீர்க்கிற ஏதோ ஒன்று. இனிப்பான ஏதோ ஒன்று.

அன்று மாலை அந்தக் கரைக்கு ஒரு குடும்பம்…

(அடித்துவிட்டேன்.)

வெளியூர்க்காரர் ஒருவர், பார்த்தால் படித்தவர்போல…

(இதையும்தான்.)

பெயர் தெரியாத ஒரு பக்தர், நல்ல எண்ணத்தோடு…

(பேடி.)

[மூணு தபா அடிச்சிகீற சார். பேப்பர் கிய்ஞ்சி போச்சி.]

6

சரி. நான்தான்.

(இந்த இடத்தில் ஓரத்தில் எழுத்து எதுவும் இல்லை. ஒரு மசிப்புள்ளி மட்டும், பேனா ரொம்ப நேரம் நின்ற மாதிரி.)

என் மகள் அதிதிக்கு எட்டு வயது. விரல்களில் பதினொரு மரு. களிம்பு, சுட்டெடுப்பது, எல்லாம் பார்த்தாயிற்று. வகுப்பில் கையை மடியில் ஒளித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் டீச்சர் சொன்னபோது என் மனைவி விஷாகா அழுதுவிட்டாள். கேளம்பாக்கம் பக்கம் கணினி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், எதற்கும் ஆதாரம் கேட்கிறவள், அவள்தான் வேண்டிக்கொண்டாள். விளாந்தாங்கல் அம்மன் எங்கள் குலதெய்வம். குழந்தையின் எடைக்கு எடை வெல்லத்தைக் கோயில் குளத்தில் கரைத்தால், வெல்லம் கரைவதுபோல மரு கரையும். நான் கேலி செய்தேன். செய்துவிட்டு, நானே குழந்தையைத் தூக்கி எடை மெஷினில் நிறுத்தினேன். இருபத்திரண்டு கிலோ.

கோயில் குளத்தைப் பார்த்தோம். ஆகாயத்தாமரை மண்டி, பிளாஸ்டிக் பைகளும் உடைந்த சாமி படங்களும் அழுகிய மாலைகளுமாக, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. பூசாரியைக் காணோம். வேப்பமரங்களுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நீர்நிலை தெரிந்தது. இளம்பச்சைத் தண்ணீர், குப்பை என்று ஒரு துரும்பில்லை. கரையில் ஏழு கல், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, பக்கத்தில் அணைந்த அகல். தண்ணீர்மேல் தட்டான்கள் நின்றன. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

"இது யாராவது வச்சிருக்கிற குளமா இருக்கப்போறது" என்றாள் விஷாகா.

"இவ்வளவு சுத்தமா இருக்கு. சாமியோடதா இல்லாம வேற யாரோடதா இருக்கும்?" என்றேன்.

இந்த வாக்கியத்தைத்தான் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குப்பையாக இருந்தது சாமியின் குளம், சுத்தமாக இருந்தது ஒருத்தியின் பிழைப்பு. அது என் மண்டையில் ஏறவில்லை.

அதிதி ஒவ்வொரு உருண்டையாகத் தண்ணீரில் விட்டாள். தண்ணீருக்குள் பழுப்பாகப் புகை இறங்கியது, மாலை வெளிச்சத்தில் அது தங்கம் மாதிரி இருந்தது. மீன்கள் வந்து முட்டின. "அப்பா, மீனுக்குப் பிடிச்சிருக்கு!" என்று சிரித்தாள். நான் கரையில் நின்று கரைபொருள், கரைப்பான் என்று பாடம் நடத்தினேன். ஆலைக் கழிவுநீரின் சர்க்கரை ஆற்று மீன்களை எப்படி மூச்சுமுட்டிக் கொல்கிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற அதே ஆள். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது.

அங்கிருந்து மாமல்லபுரம் போனோம். அலையில் காலை நனைத்துக்கொண்டு, "இந்தக் கடல் இனிக்கணும்னா எத்தனை கிலோ வேணும்ப்பா?" என்று அதிதி கேட்டாள். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டோம். மறுநாள்தான் பாட்டில் ஞாபகம் வந்தது.

பத்து நாளில் மரு உதிர்ந்துவிட்டது. சில சமயம் தானாகவே போகும் என்றார் மருத்துவர். இருக்கலாம். விஷாகா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் குழந்தையின் விரல்களைப் பார்க்கிறேன், பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் ஒரு கனவு வருகிறது. வகுப்பறை முழுக்க இளம்பச்சைத் தண்ணீர். பிள்ளைகள் கூரையோரம் மிதந்து வாயைத் திறந்து மூடுகிறார்கள். நான் கீழே நின்று வெல்லக்கட்டியால் பலகையில் எழுதுகிறேன். எழுத எழுதக் கரைகிறது. என்ன எழுதினேன் என்று ஒரு நாளும் படிக்க முடிந்ததில்லை.

ஏன் அன்றே சொல்லவில்லை? வெட்கம்தான், வேறென்ன. ஒரு நாள் சொல்லாமல் விட்டேன். மறுநாள், 'நேற்று ஏன் சொல்லவில்லை' என்பதற்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியதாயிற்று.

[வெல்லம் நானும் போடுவேன் சார். தண்ணி கெட்டா அரை கிலோ, வாளில கரைச்சி, நல்லா வெயிலு ஏறனப்பறம். அதுவே மருந்து. இருவத்திரண்டு கிலோ, அதுவும் மூட்டத்துல, சாயங்காலத்துல. வாத்தியாரு!]

[அந்த ஏயு கல்லு நான் வெச்சது. சுத்தமா வெச்சிகினது என் தப்பா?]

7

முடிவுகள் சில கைவசம் உள்ளன.

ஒன்று: சனிக்கிழமை இடியோடு கோடை மழை. குட்டை நிரம்புகிறது. அண்ணியும் கொழுந்தனும் நனைந்தபடி சிரிக்கிறார்கள். நான் செய்ததை வானம் வந்து துடைத்துவிட்டுப் போகும், நல்ல வசதி.

இரண்டு: பெயரில்லாத கடிதம் ஒன்று அந்தக் கற்களின் அடியில் கிடைக்கிறது. அம்சாவா நம்புவாள்? அதையும் கலையரசன்தான் எழுதினான் என்பாள்.

மூன்று: அவன் கற்பூரத்தை அடித்துவிடுகிறான். அம்சாவும் நம்பிவிடுகிறாள். மறுநாள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு அவன் போய்விடுகிறான். மிச்ச மீன்கள் சேற்றில்… வேண்டாம், எழுத முடியவில்லை.

மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றிலும் நான் ஊரப்பாக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதிரிக் கதைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுதுகிறவன் மாட்டிக்கொண்டால் 'வாசகரே, முடிவு உங்கள் கையில்' என்று சொல்லிக் கழன்றுகொள்வான். நானும் செய்திருக்கிறேன், சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு. இந்த முறையும் அதையே செய்யப்போகிறேன். ஆனால் எந்த வாசகர் என்று நேற்றிரவுதான் முடிவு செய்தேன்.

8

ஞாயிறு, காலை எட்டரை. குட்டைக் கரையில் உட்கார்ந்து பென்சிலில் எழுதுகிறேன். என் பேனா அம்சாவிடம் இருக்கிறது.

வந்ததும் கைப்பிரதியை நீட்டினேன்.

"இன்னா சார் இது?"

"கதை. நீங்கதான் படிக்கணும். பத்து மணிக்குள்ள."

"என்னாண்ட எதுக்கு?"

"படிச்சா தெரியும்."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் பக்கத்திலேயே, "மூணு கிலோமீட்டரா? பேனா குடு" என்று என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அப்போதிலிருந்து படிக்கிறாள். உதடு அசையப் படிக்கிறாள். தண்ணீர் இரண்டு சாண் இறங்கியிருக்கிறது. மீன்கள் ஒரு மூலையில் கூட்டமாக, மெதுவாகச் சுற்றுகின்றன.

ஒன்பது மணி. கோயில் பக்கம் கலையரசன் வந்துவிட்டான். தலைமுழுகி, ஈர வேட்டியோடு, கையில் கற்பூரப் பொட்டலம். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அம்சா ஐந்தாம் பகுதியில் இருக்கிறாள். பக்கத்தைத் திருப்பினாள்.

உதடு நின்றுவிட்டது.

என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த ஏழு கற்களைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்து, விட்ட இடத்திலிருந்து இல்லை, அந்தப் பக்கத்தின் தலையிலிருந்து படித்தாள். ஓரத்தில் ஏதோ எழுதினாள், அழுத்தி எழுதினாள். கடைசிப் பக்கமும் முடிந்தது. தாள்களைத் தட்டி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொண்ணுக்கு மரு போச்சா?"

"போயிடுச்சும்மா."

"ம்."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நானும். திட்டினால் தேவலை. பத்து மணிக்கு இன்னும் இருபது நிமிஷம்.

இப்போது எழுந்து நிற்கிறாள். கோயில் பக்கம் திரும்பி, "கலை!" என்று கூப்பிட்டாள். இரண்டு வாரத்துக்கு அப்புறம் அவனைப் பேர் சொல்லி இன்றுதான் கூப்பிடுகிறாள். அவன் திரும்பிப் பார்த்தான். இன்னும் நகரவில்லை.

"இப்ப எய்தறியே, அந்தத் தாளையும் குடு சார்."

"இன்னும் முடிக்கலம்மா."

"நீ முடிக்க வாணாம்."

கொடுக்கிறேன்.

[கலை வந்து படிச்சான். பாதில என்னப் பாத்தான், சாரப் பாத்தான். மறுக்கா படிச்சான். நான் தப்பு பண்ட்டேன்டான்னு சொன்னேன். அவன் கற்பூரத்த மடில முடிஞ்சிகினு எய்ந்து போய்ட்டான். கோவமா, இன்னான்னு தெர்ல. சாரு தலைய குனிஞ்சிகினே கீறாரு. முடிவு எய்த எனுக்கு வரல.

மோட்டார் சத்தம் கேக்குது.

தண்ணி வந்துகினு கீது.]